அரசுப் பள்ளிகளில் மாணவர் சேர்க்கையை முன்கூட்டியே எப்படிக் கணிக்கிறார்கள்?

வரும் ஆண்டுகளில் ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்று பார்ப்பதுதான் சேர்க்கைக் கணிப்பு. தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஆள்கணக்கு தெரியாமல் ஆசிரியரை எப்படி ஒதுக்குவது?

செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தி மாதிரிதான். வீட்டின் இரண்டாம் முற்றமான இரண்டாங்கட்டில் முதல் பந்தி சாப்பிடும்போதே, திண்ணையில் காத்திருக்கும் தலைகளை எண்ணி அடுத்த பந்திக்கு இலை நறுக்கி வைப்பார்கள். பள்ளிக்கு அந்தத் திண்ணை அங்கன்வாடிதான்; அங்கே இருக்கும் பிள்ளைகளை எண்ணினால் ஒன்றாம் வகுப்புக்கு எத்தனை பேர் வரலாம் என்று தெரியும். அப்புறம், போன வருடம் ஒன்றாம் வகுப்பில் 40 பேர், இந்த வருடம் இரண்டாம் வகுப்பில் 36 பேர் என்றால், பத்துக்கு ஒன்பது பேர் தங்குகிறார்கள். இந்த விகிதத்தை வகுப்பு வகுப்பாகப் போட்டுப் பார்ப்பார்கள். சின்ன ஊரில் ஒரு குடும்பம் இடம் மாறினாலே கணக்கு ஆடிவிடும். வருடா வருடம் திருத்தியே ஆக வேண்டும்.

காரைக்குடிப் பக்கம் வீடுகள் பெருகினால் பள்ளியும் நிறையும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கு யாரும் வருவதில்லை.