புகார் கொடுத்தும் "அனுசரித்துப் போங்க" என்று அனுப்பிவிட்டால்

சகோதரி, உங்கள் அக்காவை அவருடைய கணவர் அடித்ததாக மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தும் புத்திமதி சொல்லி அனுப்பிவிட்டார்கள், வீடு மாமியார் பெயரில் இருப்பதால் துரத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது என எழுதியிருந்தீர்கள். படிக்கவே மனது கனத்தது.

முதலில் அந்தப் புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி, கேட்டு வாங்குங்கள். காயத்தை அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். வெட்கப்பட்டு "வழுக்கி விழுந்தேன்" என்று மட்டும் அக்கா சொல்லிவிட வேண்டாம். அந்த ஒரு வரி பின்னால் வழக்கையே கெடுக்கும்.

அப்புறம், போலீஸை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். நடந்ததை அவர் அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார், மனுப்போடவும் உதவுவார். இலவச வக்கீல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கிடைப்பார்.

வீடு பற்றிய பயம் வேண்டாம். கணவரின் உறவினர் பெயரில் இருந்தாலும், அக்கா குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் அங்கிருந்து வெளியேற்றக் கூடாது என்று நீதிமன்றத்தில் குடியிருப்பு உத்தரவு கேட்கலாம். 2020இல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாக்கிவிட்டது. நீதிமன்றம் தரும் பாதுகாப்பு உத்தரவைக் கணவர் மீறினால் ஓராண்டு வரை சிறை.

இன்றிரவே நிலைமை மோசமானால் பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடுங்கள், அடிதடி என்றால் அவசர உதவி எண் 112. தங்க இடம் வேண்டுமென்றால் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக அரசு நடத்தும் ஒன் ஸ்டாப் சென்டரில் சில நாள் இருக்கலாம், பெண் பிள்ளைகளையும் சின்னப் பையன்களையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.