மானிப்பாய்ப் பட்டியலில் யாரைச் சேர்ப்பது?

அன்புள்ள ஐயா,

எங்கள் சனசமூக நிலைய மலருக்காக, யாழ்ப்பாணத்து மானிப்பாயோடு தொடர்புள்ள மனிதர்களையும் நூல்களையும் பட்டியல் எடுக்கிறோம். இரண்டு பெயர்களில் இழுபறி. சுவாமி ஞானப்பிரகாசரை எல்லாரும் ‘நல்லூர் ஞானப்பிரகாசர்’ என்றுதான் சொல்கிறார்கள். அவரை நாங்கள் எடுக்கலாமா? டொக்டர் கிறீன் அமெரிக்கர். அவரை எங்கள் ஊர்ப் பெரியவர் என்று போடுவது சரியில்லை என்கிறார்கள் சிலர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

– மானிப்பாய் வாசகர் ஒருவர்

அன்புள்ள தம்பி,

இரண்டு பேரையும் சேருங்கள். ஆனால் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஊரோடு அவருக்கு என்ன தொடர்பு என்று ஒரு வரி எழுதுங்கள். பிறந்தவரா, வந்து வேலை செய்தவரா, அவருடைய புத்தகம் இங்கே அச்சானதா? அந்த ஒரு வரி இல்லாததால்தான் இப்படியான பட்டியல்களில் சண்டை வருகிறது.

ஞானப்பிரகாசர் 1875இல் மானிப்பாயில் பிறந்தவர். றெயில்வேயில் எழுதுவினைஞராக இருந்து, அதை விட்டுக் கத்தோலிக்கத் துறவியானார். நல்லூரில் இருந்து பணி செய்ததால் அந்த ஊர்ப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ எழுதியவர், சொற்பிறப்பு ஒப்பியல் அகராதிக்காகக் கடைசிக் காலம் வரை உழைத்தவர். நல்லூர்க்காரரும் அவரைக் கொண்டாடட்டும், நீங்களும் கொண்டாடுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு இரண்டு ஊர் இருப்பது புதிதா என்ன? ஆறுமுக நாவலர் நல்லூரில் பிறந்தார், அவருடைய பள்ளிக்கூடம் வண்ணார்பண்ணையில் எழுந்தது. இரண்டு ஊருமே அவரை விட்டுக்கொடுப்பதில்லை.

கிறீன் விஷயத்தில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். இடையில் சில வருடம் தாய்நாடு போய்த் திரும்பி, 1873 வரை இங்கே வேலை செய்தார். நோய்க்கு மருந்து கொடுத்ததோடு நின்றிருந்தால் நானும் யோசித்திருப்பேன். அவர் நம்முடைய பிள்ளைகளுக்கு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அதற்குத் தமிழில் புத்தகம் இல்லை என்றதும், புத்தகங்களை உண்டாக்கும் வேலையில் இறங்கினார். அறுவை மருத்துவம் பற்றிய ‘இரண வைத்தியம்’, உடற்கூறு பற்றிய ‘மனுஷ அங்காதிபாதம்’ எல்லாம் அப்படி வந்தவை. வேதியியல் நூலான ‘கெமிஸ்தம்’ 1875இல் வெளியானது. அப்போது அவர் அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டார். அங்கே போன பிறகும் தமிழ் வேலையை விடவில்லை. அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் 60 பேருக்கும் மேல். பல்கலைக்கழக வகுப்பில் தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா என்று இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். அதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் உங்கள் ஊரில் செய்துகாட்டினார். இவரை விட்டுவிட்டு ஒரு மானிப்பாய்ப் பட்டியலா? எனக்கு மனசு கேட்காது.

நூல்களையும் பட்டியல் எடுப்பதாக எழுதியிருந்தீர்கள். முதலில் வரவேண்டியது 1842இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதி. அமெரிக்க மிஷன் அச்சகம் மானிப்பாயில் இருந்ததால் அதற்கு ‘மானிப்பாய் அகராதி’ என்றே இன்னொரு பெயர் உண்டு. 58,500 சொற்கள். அதற்கு முன் சொற்பொருள் படிக்க நினைப்பவர் பெரும்பாலும் நிகண்டுகளை, அதாவது சொற்பொருளைப் பாட்டாகச் சொல்லும் நூல்களை, மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. அகரவரிசையில் தேடினால் சொல் கிடைக்கும் என்பது அன்றைய மாணவனுக்கு எவ்வளவு பெரிய விடுதலை! அந்த உழைப்பில் சந்திரசேகர பண்டிதருக்குப் பெரிய பங்கு. மிஷனரிமாரின் பெயரை மட்டும் போட்டு அவரை விட்டுவிடுகிற வழக்கம் உண்டு. நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

மருதடி விநாயகர் கோவில், 1910இல் தொடங்கிய இந்துக் கல்லூரி இவற்றை நான் சொல்லாமலே எழுதியிருப்பீர்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கிறீனிடம் படித்த வைத்தியர்கள் பல கிராமங்களுக்குப் போய்த் தொழில் செய்தவர்கள். அவர்களின் பெயர்களை ஊர் ஊராகத் தேடி, தனிப் பக்கத்தில் போட முடியுமா பாருங்கள். வம்சத்தவர் வீடுகளில் அந்தத் தமிழ் மருத்துவ நூல்களின் பிரதி ஏதாவது மிஞ்சியிருந்தால், இரவல் கேட்காமல் அங்கேயே வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மலர் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்