ரிலே கேள்வி பதில்: 5 வோல்ட் சொன்னால் 230 வோல்ட் கேட்பது எப்படி?

கேள்வி: ரிலேக்கு 5 வோல்ட் கொடுத்தால் 230 வோல்ட் மோட்டார் ஓடுகிறது. அந்த 5 வோல்ட் எந்த இடத்தில் 230 ஆகிறது?

பதில்: எங்கேயும் ஆவதில்லை. ரிலேக்குள் இரண்டு தனித்தனி சுற்றுகள் இருக்கின்றன. ஒன்றில் மெல்லிய கம்பி சுற்றிய காயில், இன்னொன்றில் வெறும் சுவிட்ச். காயிலில் மின்சாரம் பாய்ந்தால் நடுவிலுள்ள இரும்பு காந்தமாகி, ஸ்பிரிங் பிடித்திருக்கும் சிறு இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு நகர்ந்ததும் சுவிட்சின் கான்டாக்ட், அதாவது தொடும் முனைகள், சேர்ந்துவிடும். மோட்டாருக்கு வேண்டிய மின்சாரம் அதன் சொந்த லைனிலிருந்தே வருகிறது. காயில் பார்ப்பது சுவிட்சைத் தட்டும் விரலின் வேலை மட்டுமே.

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 5 வோல்ட் ரிலேயின் காயிலுக்கு 0.36 வாட் போதும். அதன் கான்டாக்ட்டோ 250 வோல்ட்டில் 10 ஆம்பியர் வரை தாங்கும், அதாவது 2,500 வாட். இரண்டு பக்கத்துக்கும் நடுவே கம்பித் தொடர்பே கிடையாது. எனக்கு ரிலேயில் பிடித்ததே அதுதான்.

கேள்வி: காயிலை ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டின் பின்னிலேயே நேராக இணைக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் காயில் 70 மில்லி ஆம்பியர் கேட்கும். ஆர்டுயினோ ஊனோ போர்டின் ஒரு பின்னுக்கு உச்ச வரம்பே 40தான். 20க்குள் வைத்துக்கொள்வது நல்லது. நடுவில், சிறு மின்சாரத்தால் பெரியதை ஆன்-ஆஃப் செய்யும் ஒரு 2என்2222 டிரான்சிஸ்டர், அதன் பேஸில் (கட்டுப்படுத்தும் காலில்) 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். முடிந்தது.

கேள்வி: டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) போடாமலே என் ரிலே நன்றாக வேலை செய்கிறதே?

பதில்: இன்றைக்குச் செய்யும். டிரான்சிஸ்டர் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தும்போது காயிலின் காந்தப்புலம் சரிந்து, தலைகீழாக ஒரு மின்னழுத்தத்தைக் கிளப்பும். 5 வோல்ட் காயிலிலிருந்துகூட அது நூறு வோல்ட்டைத் தாண்டலாம். ஒவ்வொரு முறை ஆஃப் ஆகும்போதும் அந்த அடியை வாங்குவது டிரான்சிஸ்டர். 1என்4007 டையோடு ஒன்றைக் காயிலுக்குக் குறுக்கே போடுங்கள், கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். திருப்பிப் போட்டுவிட்டால் ஆன் ஆனதும் ஷார்ட் ஆகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆஃப் செய்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. ரிலேயைத் தட்டினால் நிற்கிறது.

பதில்: கான்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். 3 ஆம்பியர் மோட்டார் என்றால் 15க்கு மேல். கான்டாக்ட் சேரும்போது ஒருமுறை தொட்டு நின்றுவிடாது. நுண்ணளவில் துள்ளித் துள்ளித்தான் உட்காரும். ஒவ்வொரு துள்ளலிலும் தீப்பொறி பறந்து உலோகம் உருகும், உருகிய இடம் வெல்டிங் வைத்ததுபோல் பிடித்துக்கொள்ளும். ரிலேயின் மேல் அச்சிட்ட 10 ஆம்பியர் பெரும்பாலும் ஹீட்டர் மாதிரியான லோடுக்குச் சொன்ன கணக்கு. தட்டி ஓட்டாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு ரிலேயை மாற்றுங்கள், மோட்டாருக்கு ஏற்ற கான்டாக்டர் (பெரிய மின்சாரத்துக்கான கனமான ரிலே) போட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: ஒரே ரிலேயில் 250 வோல்ட் ஏசி என்றும் 30 வோல்ட் டிசி என்றும் எழுதியிருக்கிறது. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில்: அருமையான கேள்வி. கான்டாக்ட் பிரியும்போது இடைவெளியில் ஒரு மின்வில் எரியும். 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது, அப்போது வில் தானாகவே அணைந்துவிடும். டிசியில் அந்த மூச்சுவிடும் நேரமே கிடையாது. இடைவெளி போதாவிட்டால் வில் எரிந்துகொண்டே இருந்து கான்டாக்ட்டைத் தின்றுவிடும். ஆகவே 48 வோல்ட் பேட்டரி லோடுக்கு, ஏசி எண்ணைப் பார்த்து இந்த ரிலேயை வாங்காதீர்கள்.

கேள்வி: அசையும் பாகமே இல்லாத சாலிட் ஸ்டேட் ரிலே போட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே?

பதில்: தேய்மானம் இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் ஏசி வகையில் ஆம்பியருக்கு ஏறக்குறைய 1 வாட் சூடு வரும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் கட்டாயம். ஆஃப் நிலையிலும் கொஞ்சம் கசியும், அதனால் சில எல்இடி பல்புகள் மங்கலாக எரியும். கெட்டுப்போனால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே நின்றுவிடும். சில நொடிக்கொருமுறை ஆன்-ஆஃப் ஆகும் ஹீட்டருக்கு அதுதான் சரி. நாளுக்கு இரண்டு முறை ஓடும் பம்புக்குச் சாதாரண ரிலே வகையே போதும்.

கேள்வி: கார் ரிலேயில் 30, 85, 86, 87 என்று நான்கு எண்கள். எது எங்கே?

பதில்: 85, 86 காயில். 30 பேட்டரியிலிருந்து, 87 விளக்குக்கு. 55 வாட் ஹெட்லைட் இரண்டு சேர்ந்தால் 9 ஆம்பியர். அது ஸ்டியரிங் சுவிட்ச் பக்கமே போகாது. 30க்கு வரும் கம்பியில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுவிடுங்கள்.