ஏற்காடு பஸ்ஸில் ஒரு 41 வயதுப் பையன்

கேள்வி: போன மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போனோம். பஸ் ஏறியதிலிருந்து என் 11 வயது மகன் அப்பாவின் போனைக் கீழே வைக்கவில்லை. பாதி மலை ஏறியிருப்போம், எட்டிப் பார்த்தேன். பெரியவர்களே கூசும் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. கார்ட்டூனுக்கு அடுத்துத் தானாக வந்தது என்கிறான். போனைப் பிடுங்கி முதுகில் ரெண்டு வைத்தேன். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகத்துக்குத் தடை போட்டுவிட்டார்கள். இங்கே தடை என்றாலே உங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் கருத்துச் சுதந்திரம் என்று கொடி பிடிக்கிறீர்கள். உங்கள் சுதந்திரம் பெரிதா, என் பிள்ளை பெரிதா?

– பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் ஒரு தாய், அம்மாபேட்டை, சேலம்

பதில்: பிள்ளைதான் பெரிது. அதில் எனக்கு வழக்கே இல்லை. ஆனால் நீங்கள் கேட்கும் தடை அன்றைக்கு அந்த பஸ்ஸில் என்ன செய்திருக்கும் என்று பார்ப்போமா?

அப்பாவின் போன். அப்பாவின் கணக்கு. உங்கள் கணவருக்கு ஒரு 41 வயது என்று வைத்துக்கொள்வோம். அந்த வீடியோக் கம்பெனிக்குத் தெரிந்தவரை, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்தது 41 வயது ஆள். 2025 டிசம்பர் 10 முதல் அமலில் இருக்கும் ஆஸ்திரேலியச் சட்டம் தடுப்பது, 16 வயதுக்குக் குறைந்தவர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை. அடுத்தவர் கணக்கில், அல்லது கணக்கே இல்லாமல் பார்ப்பதை அது தொடுவதில்லை. சிட்னியிலும் உங்கள் பையன் அதே வீடியோவைப் பார்த்திருப்பான், சகோதரி.

சரி, அப்படியானால் பார்க்கிற எல்லோரிடமும் வயதுச் சான்று கேட்டால்? நான் பத்தாவது படிக்கும்போது சேலத்துத் தியேட்டர் ஒன்றில் ‘ஏ’ படத்துக்கு மூன்று பேராகப் போனோம். டிக்கெட் கிழிப்பவர் எங்கள் மேலுதட்டை ஒரு பார்வை பார்த்தார். “போங்கடா” என்றார். அவ்வளவுதான். எங்களுக்குப் பின்னால் நின்ற பெரியவர்களிடம் ரேஷன் கார்டு கேட்கவில்லை. யார் யார் என்ன படத்துக்கு வந்தார்கள் என்று நோட்டுப் போட்டு எழுதவும் இல்லை. இணையத்தில் வயதைச் சோதிப்பது என்றால் அந்த நோட்டைப் போடுவதுதான். குழந்தையைக் கண்டுபிடிக்க எல்லோரும் அடையாள அட்டையையோ முகத்தையோ நீட்ட வேண்டும். அந்த நோட்டு பத்திரமாகவும் இருப்பதில்லை. டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலி நிறுவனத்திடம் வயதை நிரூபிக்கக் கொடுத்த அட்டைகளில் சுமார் 70,000 பேருடைய படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று 2025 அக்டோபரில் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அப்புறம், கொடி பிடிப்பது பற்றி. சேலத்துக்காரரான உங்களுக்கே இது தெரிந்திருக்கலாம். 1971 ஜனவரியில் உங்கள் ஊரில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு ஊர்வலத்தைப் பற்றி எழுதிய ‘துக்ளக்’ இதழின் பிரதிகளை அப்போதைய அரசு பறிமுதல் செய்தது. பத்திரிகையின் பெயர் அதற்குப் பிறகுதான் மூலைமுடுக்கெல்லாம் போனது. (ஊர்வலத்தில் என்ன நடந்தது என்ற சண்டை 2020-இல் கூட ஒரு சுற்று வந்தது. அதற்குள் நான் போகவில்லை.)

அதை விடுங்கள், பழைய கதை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. ‘எரிச்சலூட்டும்’ செய்தி அனுப்பினாலே 3 ஆண்டு வரை சிறை. நல்ல நோக்கம் சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். 2012 நவம்பரில் சிவசேனா தலைவர் பால் தாக்கரே இறந்தபோது மும்பை ஏன் கடையடைக்க வேண்டும் என்று பேஸ்புக்கில் எழுதிய ஓர் இளம்பெண்ணையும், அதற்கு லைக் போட்ட அவர் தோழியையும் கைது செய்தபோது இந்தப் பிரிவும் வழக்கில் சேர்ந்தது. உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் அதை ரத்து செய்தது. தடை என்றதும் நாங்கள் துள்ளுவது இதனால்தான். உங்கள் பிள்ளை மேல் அக்கறை இல்லாமல் இல்லை.

ஆனால் எங்கள் கொடிக்குக் கீழே வந்து கம்பெனிகளும் நிழலுக்கு நிற்கின்றன பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யாரோ ஒருவர் வீடியோ எடுத்துப் போடுகிறார், அது பேச்சு. அதில் குழந்தையைச் சீரழிக்கும் காட்சி இருந்தால் அது பேச்சே இல்லை, குற்றம். தெரிந்தே அதை வைத்திருப்பதும், இணையத்தில் தேடிப் பார்ப்பதும்கூட குற்றம்தான் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்றவற்றைப் பெரியவர்கள் பார்க்கட்டும், பார்க்காமல் போகட்டும். அந்த வீடியோவைக் கார்ட்டூனுக்கு அடுத்ததாகக் கொண்டுவந்து வைத்தது யார்? யாரும் கேட்காமலே ஓடவிட்டது யார்? அது பேச்சுரிமையில் சேராது. வியாபாரம். பெட்டிக்கடையில் மிட்டாய் கேட்ட பிள்ளைக்குக் கடைக்காரர் சிகரெட்டையும் சேர்த்து நீட்டினால் அவர் பேச்சுரிமையைப் பற்றியா பேசுவோம்? சட்டையைப் பிடிக்க மாட்டோமா?

பிடிக்க ஒரு சட்டம் இருக்கிறது. 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பின்தொடர்ந்து கவனிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. விதிகள் வெளியாக 2025 நவம்பர் ஆனது, அதிலும் முக்கியமானவை நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம். குழந்தை யார் என்று கண்டுபிடிப்பதில் இங்கேயும் அந்த நோட்டுச் சிக்கல் வரும்தான். இருந்தாலும், புதுத் தடை கேட்டு எழுதும் நேரத்தில் இந்த அவகாசம் எதற்கு என்று உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம் போடுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பையனுக்கு அவன் வயதைச் சொல்லித் தனிக் கணக்கு, அல்லது போனே இல்லை. எதுவானாலும் 41 வயதுக் கணக்கு அவன் கைக்குப் போகக் கூடாது. முன்பின் தெரியாத யாராவது அவனிடம் பேச்சுக் கொடுத்து ஏதாவது கேட்டிருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள், யோசிக்க வேண்டாம்.

அந்த வீடியோவைப் பற்றி அந்தக் கம்பெனிக்குப் புகார் அனுப்பினீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. அனுப்பாவிட்டால் இன்று ராத்திரியே அனுப்புங்கள். பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்பது அவனுக்குத்தான் தெரியும்.