பார்த்துச் செய்யுங்க

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஆறு வருடமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். 18,000 ரூபாயில் சேர்ந்தேன், இப்போது 21,000. ஜிஎஸ்டி, பிஎஃப், பேங்க் வேலை எல்லாம் என் தலையில்தான். போன தீபாவளிக்கு முன் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டேன். "இருபத்தோராயிரத்தத் தாண்டினா இஎஸ்ஐ போயிரும்மா, உன் நல்லதுக்குத்தான் அப்படியே வெச்சிருக்கேன்" என்றார் முதலாளி. தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டைத்தான் சொல்கிறார். "பார்த்துச் செய்யுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்குப் பிறகு சேர்ந்த பையன் 24,000 வாங்குகிறான். அவன் சம்பளத்தையும் நான்தான் போடுகிறேன். மறுபடி எப்படிக் கேட்பது? மெயிலா, நேரிலா? வேறு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள் என்று பொய் சொல்லலாமா? உண்மையைச் சொன்னால், கேட்பதே அசிங்கமாக இருக்கிறது.

எஸ்.
(கடிதம் சுருக்கப்பட்டிருக்கிறது)

அன்புள்ள எஸ்,

பொய் வேண்டாம். அந்த ஊரில் எந்தக் கம்பெனி யாரைக் கூப்பிட்டது என்பது சாயங்கால டீக்குள் தெரிந்துவிடும். அந்தப் பையனையும் விடுங்கள். அவன் தொகையைச் சொல்லிக் கேட்டிருப்பான், வாங்கியிருப்பான். அவன் மேல் உங்களுக்கு என்ன கோபம்?

என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் கடைசி வரி. போன வாரம் பரணை ஒழித்தபோது ஒரு சுவர்க்கடிகாரம் கையில் அகப்பட்டது. கண்ணாடிக்குள் ஒரு கம்பெனியின் பெயர், அடியில் 'தீபாவளி நல்வாழ்த்துகள் 1995'. துடைத்து மேசைமேல் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

என் அப்பா ஓவர்லாக் டெய்லர், பனியன் துணியின் ஓரங்களைச் சேர்த்துத் தைப்பவர். புது ஸ்டைல் வந்தால் சாம்பிள் பீஸை முதலில் பவர் டேபிளில், அதாவது தையல் மிஷின்கள் வரிசையாக ஓடும் நீள மேசையில், கொண்டுவந்து போடுவார்கள். அப்பா அதை எடுத்து உட்புறம் வெளியே வரும்படி திருப்புவார். தோள்பட்டைத் தையலில் விரலை ஓட்டுவார். கழுத்து ரிப்பை இழுத்து விடுவார். "தோள்ல டேப்பு வெச்சிருக்குது, டேப்புக்குத் தனி ரேட்டுங்க" என்பார். பிறகு பீஸுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. முப்பது பைசாவோ முப்பத்தைந்தோ, பைசாவில்தான் பேச்சு. அது படியும்வரை மிஷின் ஓடாது. சூப்பர்வைசர் கத்துவார், கான்ட்ராக்டர் வந்து சமாதானம் பேசுவார், அப்பா பீடி பற்ற வைத்துக்கொண்டு வெளியே நிற்பார். நாலாம் வகுப்பு படித்தவர். கேட்பது அசிங்கம் என்ற நினைப்பு அவருக்கு வந்ததாகவே தெரியவில்லை.

பஞ்சப்படி கேட்டு 1984-ல் 127 நாள் ஸ்டிரைக் நடந்த ஊர் திருப்பூர். எனக்கு அப்போது பதினாலு வயது. அம்மாவின் பித்தளை அண்டா அடகுக்கடைக்குப் போனது, திரும்பவே இல்லை. விலைவாசி ஏறினால் கூலியும் ஏறியாக வேண்டும், பஞ்சப்படிக்கு அதுதான் அர்த்தம், முதலாளியின் நல்ல மனசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அப்பா என்னை உட்கார வைத்துச் சொன்னார். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். பிறகு பி.காம் படித்தேன்.

படித்தவன் டேபிளில் உட்காருவானா? ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் 1,200 ரூபாய்க்கு உட்கார்ந்தேன். மூன்று வருடம் அதே 1,200. முதலாளி புதிதாக வாங்கிய காரின் மாதத் தவணை என் சம்பளத்தைப்போல எத்தனை மடங்கு என்று பைசா சுத்தமாக எனக்குத் தெரியும், லெட்ஜரில் எழுதியவனே நான்தான். ஒருநாள் துணிந்து அவர் அறைக்குள் போனேன். உள்ளங்கை வேர்த்துவிட்டது. "பாத்துச் செய்யுங்க மொதலாளி" என்றேன். "செஞ்சுட்டாப் போச்சு தம்பி" என்று சிரித்தார். செய்யவும் செய்தார். தீபாவளிக்குப் போனஸ் கவரோடு ஒரு பெட்டி மைசூர்பாகு, இந்தக் கடிகாரம். அடுத்த மாதச் சம்பளம் 1,200.

அப்பா கடிகாரத்தை வாங்கி, சாம்பிள் பீஸைத் திருப்புவதுபோலவே திருப்பிப் பார்த்தார்.

"எவ்வளவு கேட்ட?"

"தொகையெல்லாம் சொல்லலைங்கப்பா."

"பின்ன அவரு எதைப் பாத்துச் செய்வாரு?" என்றவர், ஆணி தேடப் போய்விட்டார்.

எஸ், இந்த 'பார்த்துச் செய்யுங்க'வை முதலில் வாயிலிருந்து துப்புங்கள். எதைப் பார்த்து? யார் கண்ணால் பார்த்து? முதலாளி தன் கண்ணால்தான் பார்ப்பார், அந்தக் கண்ணில் காட்டன் நூல் விலைதான் தெரியும். நம் வீட்டு வாடகை அதில் ஏன் தெரியவேண்டும்? எலக்ட்ரீஷியன், மேளக்காரர், வீடு மாற்றிக் கொடுத்தவர் என்று எத்தனையோ பேர் என்னிடம் "பாத்துக் குடுங்க" என்று நின்றிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும், நான் மனதில் நினைத்ததைவிடக் குறைத்துத்தான் கொடுத்திருக்கிறேன். கேட்டு வாங்கியவருக்கு முணுமுணுத்துக்கொண்டே முழுசாகக் கொடுத்தேன். நான் கெட்டவன் இல்லை. உங்கள் முதலாளியும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சொல் அப்படி வேலை செய்கிறது. மரியாதை என்று நினைத்து அதைச் சொல்கிறோம். மரியாதையாகவே "ஐயா, இருபத்தாறாயிரம் வேணும்" என்று சொல்லலாமே, நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா?

இருபத்தாறு எங்கிருந்து வந்தது என்றால், விலைவாசி வருடத்துக்கு ஐந்து சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஆறு வருடத்துக்கு முந்தைய 18,000 இன்று சுமார் 24,100 ஆக வேண்டும். அது நீங்கள் சேர்ந்த நாளில் இருந்த அதே படி. நீங்கள் ஏறவில்லை, மூவாயிரம் ரூபாய் கீழே இறங்கியிருக்கிறீர்கள். கணக்கு எழுதுகிற பெண் தன் கணக்கை ஒருநாள்கூடப் போட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

இஎஸ்ஐ விஷயத்தில் அவர் சொன்னது பொய் இல்லை, 21,000 உச்சவரம்பு 2017 ஜனவரியிலிருந்து இருக்கிறது. ஆனால் நீங்கள் இஎஸ்ஐயிலிருந்து வெளியே போனால் அவருக்கும் மிச்சம் உண்டு. அவர் பங்கு 3.25 சதவீதம், மாதம் 682 ரூபாய் 50 காசு. உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், 157 ரூபாய் 50 காசு. நடுவில் வரம்பைத் தாண்டினாலும் செப்டம்பர் வரையோ மார்ச் வரையோ அந்த ஆறு மாதம் முழுக்கக் கட்டியாக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாதா? சலான் போடுவதே நீங்கள்தானே! இஎஸ்ஐ நல்ல ஏற்பாடு, ஐந்நூறு ரூபாய்க்காக அதை விடாதீர்கள். குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு எடுக்கும் அளவுக்குச் சேர்த்துக் கேளுங்கள். 24,100-ஐ 26,000 ஆக்கியது அதனால்தான்.

ஐந்து வருடம் தாண்டியாயிற்று, வேலையை விடும்போது கிராஜுவிட்டி என்ற பணிக்கொடையும் உண்டு. வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த கணக்கில். அடிப்படைச் சம்பளத்தில் இன்று ஏறுவது கழிந்த ஆறு வருடத்துக்கும் சேர்த்து ஏறுகிறது. கூட்டுகிற தொகையை அலவன்ஸில் போட்டு முடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெயிலா நேரிலா என்று கேட்டிருந்தீர்கள். நேரில். சனிக்கிழமை வேண்டாம், வாரச் சம்பளம் பட்டுவாடா ஆகும் நாள். ஷிப்மென்ட் போகும் நாளும் வேண்டாம். தொகையை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வையுங்கள். அதற்குப் பிறகு அவர் பேசும்வரை நீங்கள் பேசக்கூடாது. அது உங்களுக்குக் கஷ்டம்தான், நான் வெட்டிச் சுருக்கிய கடிதத்தின் நீளம் எனக்குத் தெரியும்.