வாசகர் கேள்வி–பதில்: ஜிலேபி ஏன் வளர மறுக்கிறது?

கேள்வி: எங்கள் பண்ணைக் குட்டையில் ஜிலேபி மீன் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஒன்றுகூட உள்ளங்கை அளவைத் தாண்டவில்லை. தீவனம் போதவில்லையா?

பதில்: தீவனத்தைக் கூட்டினால் எண்ணிக்கைதான் கூடும், மீன் பருக்காது. இட நெருக்கடி வந்தால் ஜிலேபி சீக்கிரமே சினைக்கு வந்துவிடும். பிறந்த இரண்டு மூன்று மாதத்தில், 8–10 செ.மீ. நீளத்திலேயே முட்டையிடும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும். உடம்பு வளர வேண்டிய சத்தெல்லாம் சினைக்கே போய்விடுகிறது.

குட்டையை இறைத்து, அடிமண் வெடிக்கும்வரை காயவிடுவதுதான் சரியான வழி. பலர் கோட்டைவிடுவதும் இங்கேதான். ஆண் மீன் வாயால் மண்ணை அள்ளித் துப்பி, தாம்பாளம் போலக் குழி பறித்து வைத்திருக்கும். இறைத்த பிறகும் அதில் கணுக்கால் அளவு நீர் தேங்கும். அங்கே ஒரே ஒரு தாய் மீன் தப்பினால் போதும், அதன் வாய்க்குள் சில நூறு குஞ்சுகள் இருக்கலாம்! குழிகளை மிதித்து மூடிவிடுங்கள்.

காயவிட முடியாத குட்டை என்றால் நீரை 30 செ.மீ. வரை குறைத்து, ஏக்கருக்கு சுமார் 300 கிலோ இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து எல்லா மூலையிலும் தெளியுங்கள். நீரைக் குறைக்காமல் 1 மீட்டர் ஆழத்தில் செய்தால் 1,000 கிலோ தேவைப்படும். நஞ்சு இறங்க மூன்று வாரம் ஆகும்; அதற்கு முன் வளர்ப்புக்கான கெண்டைக் குஞ்சு விடக் கூடாது. நீர் வரும் மடையில் நெருக்கமான கண்ணுள்ள வலை கட்டாயம். அதன்பிறகும் தலைகாட்டும் ஜிலேபிக் குஞ்சுகளை விரால் தின்று தீர்க்கும். ஆனால் கெண்டைக் குஞ்சுகள் ஓரளவு பெரிதான பிறகே விராலை விடுங்கள், இல்லாவிட்டால் முதலில் அவற்றைத்தான் பிடிக்கும்.

கேள்வி: வாயில் குஞ்சு வைத்திருக்கும் தாய் அதை விழுங்கிவிடாதா?

பதில்: அந்த நாட்களில் அது ஏறக்குறைய பட்டினிதான். குழியில் முட்டையிட்ட உடனேயே பெண் மீன் அவற்றை வாயில் அள்ளிக்கொள்கிறது. ஆணின் விந்தையும் வாய்க்குள்ளேயே ஏற்கிறது. 3 முதல் 5 நாளில் முட்டை பொரியும். மஞ்சள் கரு தீரும்வரை குஞ்சுகள் உள்ளேயே இருக்கும். பிறகு வெளியே மேய்ந்துவிட்டு, நிழலாடினாலே தாயின் வாய்க்குள் பாய்ந்துவிடும். எல்லாம் சேர்த்து சுமார் மூன்று வாரம்.

கரையிலிருந்தே இதைக் கண்டுபிடிக்கலாம். தாயின் தாடைக்கீழ் பை போல உப்பியிருக்கும். எதையோ மெல்லுவதுபோல வாய் அசைந்துகொண்டே இருக்கும். முட்டைகளைப் புரட்டி நீரோட்டம் கொடுக்கும் அசைவு அது. வலையில் சிக்கினால் பயத்தில் மஞ்சள் மணிகளாகத் துப்பிவிடும்.

கேள்வி: பண்ணைகளில் வளர்க்கும் கிஃப்ட் திலேப்பியாவும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. ஜிலேபி என்பது மொசாம்பிக் திலேப்பியா. கிஃப்ட் என்பது நைல் திலேப்பியாவிலிருந்து தேர்வுசெய்து உருவாக்கிய வகை. வாலை விரித்துப் பாருங்கள்: நைல் வகையில் மேலிருந்து கீழாக வரிவரியாகக் கோடுகள் இருக்கும். ஜிலேபியில் அப்படி ஒழுங்கான கோடுகள் கிடையாது. இனப்பெருக்கக் கால ஆண் ஜிலேபி கருத்து, தொண்டை வெளுத்து, துடுப்போரம் சிவந்திருக்கும். கலப்பினங்களில் இந்த அடையாளங்கள் கைகொடுக்காது.

கேள்வி: இது நம் ஊர் மீன்தானா?

பதில்: தென்கிழக்கு ஆப்பிரிக்க மீன். கீழ் சாம்பசி ஆறும் அதற்குத் தெற்கே கடலில் கலக்கும் ஆறுகளும் அதன் தாயகம். 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. இங்கே அணைகளையும் ஏரிகளையும் நிறைத்துவிட்ட இதே மீன், சொந்த ஆறுகளில் நைல் திலேப்பியாவோடு கலந்து தன் இனத்தூய்மையை இழந்துவருகிறது. அழியும் ஆபத்துள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது.

இதே சிக்லிட் குடும்பத்தில் நமக்கென்று கரிமீனும் ஆரஞ்சு குரோமைடும் உண்டு. இரண்டும் முட்டைகளைக் கல்லிலோ கட்டையிலோ ஒட்டவைத்து, ஆணும் பெண்ணுமாகக் காவல் காக்கும். குஞ்சுகளை வாயில் ஒளிக்கும் வழக்கம் அவற்றுக்கு இல்லை. மீதமான ஜிலேபியை அவை வாழும் நீரில் கொட்டாதீர்கள்.