அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள், எனக்கு மட்டும் ஏன் இல்லை?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆண்களே எழுதியவை. முன்பெல்லாம் குழந்தையில்லாத விஷயத்தில் எழுதுவது மனைவியாகத்தான் இருக்கும், அதனால் எனக்கு இதில் உண்மையான சந்தோஷம். "பரம்பரையா, பூச்சிமருந்தா, புகையா, எது காரணம்?" என்று எல்லோரும் ஒன்றை மட்டும் சொல்லச் சொல்கிறீர்கள். பலருக்குப் பரம்பரையும் வெளியிலிருந்து உடம்புக்குள் போவதும் சேர்ந்துதான் வேலையைக் காட்டுகிறது.

நானும் அண்ணனும் பதினைந்து வருடமாக ஒரே திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறோம். அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், விந்தணு எண்ணிக்கை (கவுண்ட்) 7 மில்லியன். மருந்துதான் காரணம் என்றால் அவருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? (கம்பம்)

அண்ணனுக்கு அந்தப் பிள்ளைகள் எப்போது பிறந்தார்கள்? மருந்தடிக்க ஆரம்பித்த முதல் சில வருடங்களிலா? இன்றைக்கு அவருடைய கவுண்ட் எவ்வளவு என்று யாரும் பார்த்ததில்லை, இல்லையா? அதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நாமாக முடிவுகட்ட வேண்டாம்.

அடுத்தது வேலை. தோட்டம் ஒன்றுதான், ஆனால் மருந்தைக் கலக்குவது யார், டேங்கை முதுகில் மாட்டுவது யார்? என்னிடம் வந்த ஒரு விவசாயியின் டேங்க் மூடி சரியாக உட்காராது, சாக்குத் துணியைச் சுற்றி இறுக்கி வைத்திருந்தார். வேலை முடியும்போது சட்டையின் முதுகு இடுப்பு வரை நனைந்து, அங்கிருந்து வேட்டிக்கும் இறங்கியிருக்கும். அப்படியே உட்கார்ந்து மதியச் சாப்பாடு, மறுநாளும் அதே சட்டை. முகத்தில் துண்டு கட்டியிருப்பதால் பயமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். வயலில் வேலை செய்பவர்கள் உடம்புக்குள் மருந்து அதிகமாகப் போவது தோல் வழியாகத்தான், அதிலும் விதைப்பையின் தோல் உடம்பிலேயே மிக வேகமாக உறிஞ்சக்கூடியது.

சரி, இதெல்லாம் இருவருக்கும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வித்தியாசம் வரலாம், மரபணு உள்ளே வருவது இங்கேதான். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் உடம்புக்குள் போனதும் அவற்றை உடைக்க ஒரு நொதி இருக்கிறது, கல்லீரலில் உருவாகி ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கான மரபணு பிஓஎன்1. அந்த மரபணுவில் ஒரு முக்கியமான இடம் ஆளுக்கு ஆள் மாறுகிறது, அதைப் பொறுத்து எந்த மருந்தை எவ்வளவு வேகமாக உடைப்போம் என்பதும் மாறுகிறது. மெக்சிகோவின் தென்பகுதியில் இதே மருந்துகளை அடித்த விவசாயிகளைச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், அந்த இடத்தில் ஒரு குறிப்பிட்ட வகை இருந்தவர்களுக்குத்தான் மருந்தால் விந்தணுவின் டிஎன்ஏ அதிகம் பாதிக்கப்பட்டிருந்தது. அண்ணன் தம்பி என்றாலும் அம்மா அப்பாவிடமிருந்து ஆளுக்குப் பாதிதான் வருகிறது, அதுவும் ஒரே பாதி இல்லை. அவருக்கு வந்தது உங்களுக்கு வராமல் போயிருக்கலாம்.

இனி செய்ய வேண்டியது. ஒரு பரிசோதனையை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள், கவுண்ட் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். ஒரு மில்லிலிட்டரில் 16 மில்லியனுக்குக் கீழே என்றால் குறைவு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கு, ஆனால் 7 மில்லியனோடு இயற்கையாகவே அப்பா ஆனவர்களும் உண்டு. வேரிகோசில் (விதைப்பை ரத்தக் குழாய் வீக்கம்) இருக்கிறதா என்று மருத்துவரிடம் நேரில் காட்டிப் பாருங்கள், அது சரிசெய்யக்கூடியது. கலக்குவதையும் அடிப்பதையும் மூன்று மாதம் முழுசாக விடுங்கள். ஒரு விந்தணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும், அதனால் அதற்கு முன் மறுபரிசோதனை எடுப்பதில் பலனில்லை.

தள்ளிப்போட மட்டும் வேண்டாம். 1977இல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற நூற்புழு மருந்து தயாரித்த ஆலையில், தங்களில் யாருக்கும் குழந்தை தங்கவில்லையே என்று தொழிலாளர்களே பேசிக்கொண்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பரிசோதித்தால் பலருக்குக் கவுண்ட் மிகக் குறைவு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஆலையை விட்டு விலகிய பிறகு ஓரளவு இருந்தவர்களுக்குக் கவுண்ட் ஏறியது. பூஜ்யத்துக்குப் போனவர்களில் பலருக்குக் கடைசிவரை திரும்பவில்லை. உங்களுக்கு 7 இருக்கிறது, இப்போதே நிறுத்துங்கள்.

அப்படியென்றால் நான் எந்த வகை என்று டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துத் தெரிந்துகொள்ளலாமே? ஆன்லைனில் கிட் கிடைக்கிறது. (சென்னை)

வேண்டாம், காசு வீண். கிரீன்லாந்து, ஸ்வீடன், போலந்து, உக்ரைன் ஆண்களிடம் பிசிபி என்ற தொழிற்சாலை ரசாயனத்தை ரத்தத்தில் அளந்து பார்த்த ஒரு பெரிய ஆய்வு உண்டு. ஆண் ஹார்மோனை உள்வாங்கும் ஏற்பிக்கான மரபணுவில் ஒரு சிறு பகுதி திரும்பத் திரும்ப வரும். அது குட்டையாக இருந்தவர்களிடம் பிசிபி கூடியபோது விந்தணு குறைந்திருந்தது, நீளமாக இருந்தவர்களிடம் அப்படித் தெரியவில்லை. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அது அம்மா கொடுத்தது, அப்பா வழியில் எல்லோருக்கும் பிள்ளைகள் உண்டே என்று பார்ப்பதில் பயனில்லை. ஆனால் இதெல்லாம் கூட்டமாகப் பார்க்கும்போது தெரியும் வித்தியாசம். ஒருவருடைய ரிப்போர்ட்டை எடுத்து, உனக்கு ஆகாது, உனக்கு ஆகும் என்று சொல்ல இதை வைத்து முடியாது. "நீ தாங்குவாய்" என்று ஒரு காகிதம் வந்துவிட்டால் கையுறையைக் கழற்றி வைத்துவிடுவார்கள் என்ற பயமும் எனக்கு உண்டு.

கல்யாணமாகி நான்கு வருடம். எனக்கு எல்லா ஸ்கேனும் எடுத்தாயிற்று, எதிலும் குறையில்லை. அவர் பரிசோதனைக்கு வரமாட்டேன் என்கிறார். மாமியார் மாதாமாதம் "ஏதாவது விசேஷமா?" என்று கேட்கிறார். (திருப்பூர்)

அம்மா, இதை உங்கள் கணவருக்கே எழுதுகிறேன், அவரிடம் காட்டுங்கள். தம்பி, குழந்தை தாமதமாகும் ஜோடிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. உறவில் எந்தக் குறையும் இல்லாத, நல்ல திடகாத்திரமான ஆளுக்குக்கூட விந்தணு பூஜ்யமாக இருக்கலாம், ஆண்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் மனைவி நான்கு வருடமாக ஊசியும் ஸ்கேனுமாக அலைந்திருக்கிறார். நீங்கள் கொடுக்க வேண்டியது ஒரு சின்ன டப்பாவில் ஒரு மாதிரி, இரண்டிலிருந்து ஏழு நாள் விலகி இருந்துவிட்டு. நாளைக்கே போய்க் கொடுங்கள். நீங்கள் சாயப்பட்டறையிலோ பாய்லர் பக்கத்திலோ வேலை செய்பவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் அவர்கள் கேட்பதில்லை.

விந்தணு பூஜ்யம். ஒய் குரோமோசோமில் ஏஇசட்எஃப்-சி பகுதி இல்லை என்று ரிப்போர்ட். பல வருடம் குட்கா போட்டேன், அதனால் வந்ததா? மகன் பிறந்தால் அவனுக்கும் வருமா? (பெயர், ஊர் வேண்டாம்)

குட்காவால் வந்ததில்லை. இந்தக் குற்ற உணர்ச்சியை இன்றோடு இறக்கி வையுங்கள். ஒய் குரோமோசோமில் ஒரே மாதிரியான நீளமான வரிசைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, நகல் எடுக்கும்போது அவை ஒன்றோடொன்று தவறாகச் சேர்ந்து நடுவில் உள்ள துண்டு விழுந்துவிடும். பெரும்பாலும் நீங்கள் கருவாகும் முன்பே, உங்கள் அப்பாவின் விந்தணு உருவானபோது நடந்த பிழை இது. அபூர்வமும் இல்லை. ஹைதராபாத் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் விந்தணுவே இல்லாத 340 இந்திய ஆண்களைச் சோதித்ததில் 29 பேருக்கு ஒய் குரோமோசோமில் ஏதாவது ஒரு துண்டு இல்லை.

விழுந்தது 'சி' பகுதி மட்டும் என்றால் நம்பிக்கை உண்டு, விதையிலிருந்து சிறு அறுவை மூலம் விந்தணு எடுத்து இக்ஸி (ஒரு விந்தணுவை நேராகக் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை) செய்ய முடிந்தவர்கள் நிறையப் பேர். 'ஏ' பகுதியோ 'பி' பகுதியோ முழுசாகப் போயிருந்தால் அறுவைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், கிடைக்காது. மகன் பிறந்தால் இதே குறை அவனுக்கும் நிச்சயம் போகும், மகளுக்குப் போகாது. முடிவெடுக்கும் முன் இருவரும் உட்கார்ந்து இதைப் பேசுங்கள். அப்புறம் குட்காவை விடத்தான் வேண்டும், இருப்பதே நாலைந்து அணு என்றால் அவற்றின் டிஎன்ஏ உடையாமல் இருப்பது எவ்வளவு முக்கியம் என்று யோசியுங்கள்.

வீடு தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பையனுக்கு ஆறு வயது. அவனுக்கு இப்போதே ஏதாவது ஆகுமா? (தேனி)

பெரியவர்களைவிடச் சின்னப் பையன்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 1976இல் இத்தாலியின் செவேசோவில் ஒரு ஆலை விபத்தில் டையாக்சின் என்ற நச்சு ரசாயனம் ஊரெல்லாம் பரவியது. அப்போது பத்து வயதுகூட ஆகாத சிறுவர்களாக இருந்தவர்களை இருபது வருடத்துக்கும் மேல் கழித்துச் சோதித்தபோது விந்தணு குறைந்திருந்தது, அன்றைக்குப் பெரியவர்களாக இருந்தவர்களிடம் அந்தக் குறை இல்லை. நமக்குப் பக்கத்தில் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்களே, அங்கே பள்ளிப் பையன்களிடம் நடத்தி 2003இல் வெளியான ஆய்வில் பருவமடைதல் தாமதமாவதாகத் தெரிந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது.

அதனால் மருந்தடிக்கும் நாளில் பையனைப் பாட்டி வீட்டில் விடுங்கள், மறுநாளும் கொடிக்கு அடியில் விளையாட வேண்டாம். கணவர் வீட்டுக்குள் வருமுன் வெளியிலேயே குளிக்கட்டும், அந்தத் துணியைப் பையன் துணியோடு ஊறவைக்காதீர்கள், துவைக்கும்போது உங்கள் கைக்கும் கையுறை வேண்டும். மருந்து கேனை எத்தனை முறை கழுவினாலும் அதில் தண்ணீர் பிடித்து வைக்காதீர்கள். போன மாதம்கூட ஒரு வீட்டு முற்றத்தில் நீலக் கேனில் குடிதண்ணீரைப் பார்த்தேன், மூடியில் மண்டையோட்டுப் படம் அப்படியே இருந்தது.

மொபைலைப் பேண்ட் பாக்கெட்டில் வைக்கலாமா?

மொபைலைவிட மடியில் வைக்கும் லேப்டாப்பை நிறுத்துங்கள். ஒரு மணி நேரத்தில் விதைப்பையின் சூடு 2.5 டிகிரிக்கு மேல் ஏறும்.

ஜிங்க், ஃபோலிக் ஆசிட் கேப்சூல் மாதம் மூவாயிரத்துக்கு வாங்குகிறேன். தொடரலாமா? (சேலம்)

அமெரிக்காவில் 2,370 ஜோடிகளை வைத்து இந்த இரண்டையும் சோதித்தார்கள், முடிவு 2020இல் வெளியானது. விந்தணுவும் கூடவில்லை, குழந்தை பிறப்பும் கூடவில்லை, சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுத் தொந்தரவுதான் கூடியது. நிறுத்திவிடலாம். நீங்கள் பேட்டரி கடையில் ஈயம் உருக்குவதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பணத்தில் ஒரு தடவை ரத்தத்தில் ஈய அளவைப் பாருங்கள், ரிப்போர்ட்டை எனக்கும் அனுப்புங்கள்.